வீகன்ட் அம்மாவின் வயல்

“பற்றரியைக் கழட்டினா வைக்கலாமோ எண்டு கேள் பிள்ளை,” என்றார் நித்தியானந்தன்.

போர்வையால் சுற்றிய உலோகம் தேடும் கருவியைக் கைக்குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் பெட்டியின் கால்மாட்டில் நின்றார். மண்டபப் பொறுப்பாளன் பென்ஜமின் அவருக்கு எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். நடுவில் ஆதிரை. பெட்டிக்குள் பட்டு வேட்டியும் சால்வையுமாக அவளுடைய அப்பா உருத்திரமூர்த்தி, இந்த வழக்குக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோலப் படுத்திருந்தார்.

ஆதிரை ஜெர்மன் மொழியில் கேட்டாள். பென்ஜமின் மிகுந்த மரியாதையோடு மறுத்தான். பற்றரியை எடுத்தாலும் பிளாஸ்டிக் இருக்கிறது, செப்புச் சுருள் இருக்கிறது, எரியூட்டும் இடத்துக்குள் எடுக்க மாட்டார்கள் என்றான்.

“ஏலாதாம் மாமா.”

“காதிலை போடுறதை?”

“அதுவும் பிளாஸ்டிக் தானே.”

“தோண்டுற சின்ன மண்வெட்டி?”

“அது இரும்பு.”

“அப்ப மனுசன் வெறுங்கையோடையோ போறது?”

ஹம் நகரத்துத் தகனசாலை மண்டபம் அவர்களுக்கு ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும்தான். வெளியே வந்தவர்கள் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஐயர் ஒரே ஒரு விளக்கை ஏற்றுவதற்கு வாங்கிய அனுமதியை மூன்று விளக்காக விரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரண்டு மணிக்கு பீலெஃபெல்டில் இன்னொரு நிகழ்வுக்கு டெர்மின் குறித்திருந்ததால், ஒரே பிள்ளையான ஆதிரையே கிரியை செய்யட்டும் என்று அம்மா சொன்னபோது மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பென்ஜமினுக்கு மனம் கேட்கவில்லை போலும். கடிதம், படம் ஏதாவது இருந்தால் வைக்கலாம், கடதாசிக்குத் தடையில்லை என்றான்.

நித்தியானந்தனின் முகம் மலர்ந்தது. கருவியை ஒரு நாற்காலியில் இருத்திவிட்டுத் தோள்பையிலிருந்து தடித்த கோப்பு ஒன்றை எடுத்து ஆதிரையிடம் நீட்டினார்.

“இது போதும். அண்ணை மெஷின் இல்லாமப் போவார். அனுமதி இல்லாம ஒரு இடத்துக்கும் போகமாட்டார்.”

அது உண்மைதான். இந்த நாட்டில் அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் தோண்டிவிட முடியாது. முதலில் தொல்லியல் அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வயல்காரரிடமும் போய் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். கிடைப்பதையெல்லாம் அலுவலகத்தில் காட்ட வேண்டும். தெரியாததுபோல இருட்டில் போய்த் தோண்டுகிறவர்களும் உண்டு. உருத்திரமூர்த்தி அவர்களைக் கள்ளர் என்று கூடச் சொல்லமாட்டார், பழக்கம் தெரியாதவர்கள் என்பார்.

கம்பித் தொழிற்சாலையில் இருபது வருடம் முடித்தபோது கொடுத்த பரிசில் அவர் அந்தக் கருவியை வாங்கினார். ஹெஸ்ஸன் பக்கத்தில் ஒரு மலை இருக்கிறது, அங்கே ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன் சுரங்கம் வெட்டித் தங்கம் எடுத்தார்கள் என்று கூட வேலை செய்த ஒருவன் சொன்னதோடு ஆரம்பித்தது எல்லாம். இப்போது சுரங்க வாய்களுக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அடிவாரமெல்லாம் கோதுமை வயலும் மாட்டுப் புல்லும். சனிக்கிழமை விடிந்தால் சிநேகிதர் நித்தியானந்தனின் காரில் இரண்டு பேரும் புறப்பட்டுவிடுவார்கள். மாட்டு லாடம், சட்டைப் பொத்தான், ஈயக் குண்டு, விளக்கு மாட்டும் கொளுக்கி என்று என்னென்னவோ கிடைத்தன. தங்கம் மட்டும் கடுகளவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அலுவலகத்தில் அவருடைய பொத்தான்களுக்கென்றே அலுமாரியில் ஒரு லாச்சி ஒதுக்கியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவருக்கு நெஞ்சு ஒரு சுற்றுப் பருத்துவிடும்.

போன சனிக்கிழமையும் அப்படித்தான் போய் வந்தார். வாசலில் சேற்றுச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. அறுபத்தொன்பது வயது. வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரமிருக்கவில்லை என்று அம்மா பாலாம்பிகை வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு ஆறுதலோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆதிரை கோப்பைத் திறந்தாள். பிளாஸ்டிக் உறைகளிலிருந்து சம்மதக் கடிதங்களை ஒவ்வொன்றாக உருவினாள். பதின்மூன்று. கடைசி உறையில் அப்பா தன் கையால் வரைந்த வரைபடம் இருந்தது. பதின்மூன்று வயல்களுக்கும் பச்சை நிறம் தீட்டியிருந்தார். நட்ட நடுவில், சுரங்க வாய்க்கு நேர் கீழே, ஒரே ஒரு வயலைச் சுற்றிச் சிவப்புக் கோடு. அதற்குள் தமிழில் ‘வீகன்ட் அம்மா – இல்லை’ என்று எழுதியிருந்தார்.

ஆதிரை அந்தச் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தாள்.

அந்த ‘இல்லை’யைச் சொன்னது அவள்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அப்பாவுக்குத் தொழிற்சாலை ஜெர்மன் மட்டும்தான் தெரியும். வைத்தியரிடமும் அரசாங்கக் கந்தோரிலும் வீட்டுக்காரனிடமும் அவர் வாயாக இருந்தது அவள்தான். முதல் வயலைக் கேட்கப் போனபோதும் அவளையே கூட்டிப் போனார். மாட்டுக் கொட்டில் வாசலில் ரப்பர் சப்பாத்தோடு நின்ற வீகன்ட் அம்மா, அப்பா கொண்டு போன பொரித்த ரோல்ஸில் ஒன்றைக் கடித்துக்கொண்டே, அறுவடை முடியட்டும், ஒக்டோபரில் தாராளமாக வாருங்கள், போகும்போது வேலிப் படலையை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள் என்றார். அப்பா மகளின் முகத்தைப் பார்த்தார். ஆதிரைக்குச் சனிக்கிழமைகளில் கைப்பந்து விளையாட்டு இருந்தது. இந்த மனுசி ஓமென்றால் இனி எல்லாச் சனியும் சேற்றுக்குள் நின்று அப்பாவுக்காகக் கதைக்க வேண்டும்.

“ஏலாதாம் அப்பா,” என்றாள்.

“பரவாயில்லை. அவையின்ரை காணி தானே,” என்று சொல்லிவிட்டு அப்பா வீகன்ட் அம்மாவுக்குக் குனிந்து நன்றி சொன்னார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே கையசைத்தார்.

இதோடு விட்டுவிடுவார் என்றுதான் ஆதிரை கணக்குப் போட்டாள். அவர் விடவில்லை. அடுத்த வாரமே தனியாகப் போய், கையால் பாதியும் வாயால் பாதியுமாகக் கதைத்து, ரோல்ஸ் கொடுத்து, பக்கத்து வயலுக்கு அனுமதி வாங்கிவிட்டார். ஐந்தாறு வருடத்தில் பதின்மூன்று வயல் சேர்ந்தது; அவருடைய ஜெர்மனும் அந்த வேலியோரங்களில்தான் வளர்ந்தது. நடுவிலிருந்த அந்த ஒன்றுக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று ஆதிரை ஒவ்வொரு வருடமும் நினைத்தாள். ஒவ்வொரு வருடமும் அது இன்னும் கொஞ்சம் கனத்தது. அவள் படித்து, பேர்லினுக்கு வேலைக்குப் போய், முப்பத்தொரு வயதாகியும் சொல்லவில்லை. கொஞ்சக் காலமாக ஒக்டோபர் பிறந்தால் அப்பா தொலைபேசியில் கேட்பார்.

“பிள்ளை, அந்த வீகன்ட் அம்மாவைத் திருப்பி ஒருக்காக் கேப்பமே?”

“வேண்டாம் அப்பா. அவ ஓமெண்டு சொல்லமாட்டா,” என்பாள்.

“சரி சரி,” என்று சிரிப்பார்.

இனி யாரிடம் போய்ச் சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வாரமாக வந்த அழுகையில் இதுதான் அதிகம் சுட்டது.

“இதுகளைத் தலைமாட்டிலை வைப்பம்,” என்று கடிதங்களை வாங்கி அடுக்கினார் நித்தியானந்தன். “அதோடை இன்னொரு விசயம். அந்த மலையடி ஊர்ச் சனத்துக்கெல்லாம் அறிவிச்சிட்டன். வயல்காரர் ஒன்பது பேர் வருகினம். ஒரே வேனிலை.”

“ஆர் ஆர் மாமா?”

“வரக்கூடிய எல்லாரும் தான். வீகன்ட் அம்மா தான் வேன் ஓட்டுறா.”

ஆதிரை பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயந்தது வீகன்ட் அம்மாவுக்கு அல்ல, தன் அம்மாவுக்கு. பாலாம்பிகை அந்தப் பெண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் பதினாறு வருடமாக அந்த வீட்டில் பால் திரைந்தாலும் ரயில் பிந்தினாலும் வீகன்ட் அம்மாவின் பெயர்தான் அடிபடும். ஒரு ஏழைத் தொழிலாளியைச் சும்மா கிடந்த வயலில் கால் வைக்க விடாத மனுசி என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்பீல் கிடையாது.

அம்மாவிடம் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று ஆதிரை முன்வரிசைக்கு ஓடினாள்.

“அம்மா, ஒரு விசயம் கதைக்கோணும்.”

“கதை பிள்ளை.”

அதற்குள் ஒரு பெண் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அவர் விட, இன்னொருவர். நடுவில் இரண்டு தடவை இடைவெளி கிடைத்தது. இரண்டு தடவையும் ஆதிரை, சால்வையைச் சரிசெய்துவிடவா, தண்ணி வேண்டுமா என்று வேறு எதையோ கேட்டாள். பத்து மணிக்கு வாசலில் கறுப்பு உடுப்போடு ஒன்பது பேர் வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளைத் துணியால் மூடிய கேக் தட்டு. அவர்கள் ஊர்ச் செத்தவீட்டு வழக்கம் அது. நூற்றைம்பது பேர் ஒரு வாய் சாப்பாடும் இல்லாமல் இருக்கிற மண்டபத்துக்குள் வெண்ணெய் வாசனை கமகமவென்று நுழைந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

“அதிலை ஆர் அந்த வீகன்ட் அம்மா?” என்றார் அம்மா.

நித்தியானந்தன் விரலைக் காட்டினார். எழுபத்தைந்து வயது, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, அகன்ற தோள். அம்மா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே நடந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவருக்கு உப்புக் குறைவு, தட்டைக் கழுவு, நாளைக்கு வரமாட்டேன் என்பதற்கெல்லாம் ஜெர்மன் போதும். இந்தக் கேள்விக்குப் போதாது.

“ஆதிரை, இஞ்ச வா. நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு.”

ஆதிரை போனாள். பக்கத்தில் நித்தியானந்தனும் போய் நின்றார்.

“பதினாறு வருசம் என்ரை மனுசன் உங்கடை வேலியைச் சுத்திச் சுத்தி நடந்தவர். ஒரு நாள் உள்ளுக்கை விட்டிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும் எண்டு கேள். மரியாதையாக் கேள். ஆனாக் கேள்.”

ஆதிரையின் வாயில் வேறொரு வசனம் தயாராக வந்து நின்றது. வந்ததற்கு நன்றி என்று அம்மா சொல்கிறார். அவ்வளவுதான். அந்தப் பெண் ஏதாவது ஆறுதல் சொல்வார். அதை அம்மாவிடம், ‘மன்னிப்புக் கேக்கிறா’ என்று சொல்லிவிடலாம். இரண்டு பேருக்கும் நிம்மதி. ஒரு குருவிக்கும் தெரியவராது. பதினைந்து வயதில் கைவந்த வேலை முப்பத்தொன்றில் மறந்தா போகும்?

அவள் அப்பாவைப் பார்த்தாள். நெற்றியில் திருநீறும் சந்தனமுமாகக் கிடந்தார். தன்னை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் சொன்னாள்.

வீகன்ட் அம்மா பாலாம்பிகையைப் பார்க்கவில்லை. ஆதிரையைத்தான் பார்த்தார்.

“உங்கள் அம்மாவிடம் நீங்கள் விரும்புவதைச் சொல்லுங்கள், ஆதிரை. எனக்குத் தமிழ் தெரியாது. நான் குறுக்கே வரமாட்டேன்.”

தன் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்த அதே கணத்தில் ஆதிரைக்கு விளங்கிவிட்டது. இவருக்கு எல்லாம் தெரியும்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“அம்மா, அவ இல்லையெண்டு சொல்லேல்லை. ஒக்டோபரிலை வாங்கோ எண்டுதான் சொன்னவ. நான்தான் அப்பாட்டை ஏலாதாம் எண்டு சொன்னனான். எனக்குச் சனிக்கிழமையிலை விளையாடப் போகோணும் எண்டு இருந்தது.”

அம்மா மகளையும் வீகன்ட் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். நித்தியானந்தன் கையிலிருந்த கோப்புறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பின்னால் பதிகம் பாடிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த பாட்டைத் தொடங்கினார்கள்.

வீகன்ட் அம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. கேக் தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, மெதுவாக, மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுப் பேசினார். ஆதிரை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஆறு வருடத்துக்கு முன் அவரை வேலியோரம் கண்டேன். நான் அன்றைக்கே சம்மதித்தேனே, ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். பிறகு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். என் நாய் பயந்து குரைத்தது. அவ்வளவு சிரிப்பு.”

ஆதிரை சொன்னாள்.

“அப்படியானால் வாருங்கள் என்று படலையைத் திறந்துவிட்டேன். அவர் வரவில்லை.”

“ஏனாம்?” என்றார் அம்மா.

வீகன்ட் அம்மா, உருத்திரமூர்த்தியின் குரலிலேயே, அவருடைய உடைந்த ஜெர்மனிலேயே சொன்னார்: “‘மகள் இல்லை சொன்னது. மகள் ஓம் சொன்னால், நான் வருவது.’”

ஆதிரையால் அதை உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அம்மா காத்திருந்தார். கடைசியில் அவள் சொன்னபோது வீகன்ட் அம்மாவும் அழுதுகொண்டிருந்தார், ஆனால் சிரித்தபடி.

“ஒவ்வொரு ஒக்டோபரும் வந்து வேலிக்கு வெளியே நின்று என்னோடு கோப்பி குடிப்பார். அனுமதி கிடைத்துவிட்டதா என்று கேட்பேன். இன்னும் இல்லை என்பார். கோபமாக ஒரு நாளும் சொன்னதில்லை. பிள்ளைக்கே சொல்ல வரட்டும், நீங்கள் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இன்றைக்கும் நான் சொல்லவில்லை பாருங்கள், நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்.”

“என்னைக் காருக்குள்ளை இருத்திப்போட்டு, மூத்திரம் பெய்ய எண்டு சொல்லிப்போட்டுப் போறவர்,” என்றார் நித்தியானந்தன் ஆற்றாமையோடு. “அரை மணித்தியாலம். நான் சலரோகமாக்கும் எண்டு டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போனனான்.”

அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஆறு வருசம். நான் இந்த மனுசியைத் திட்டத் திட்ட, அந்த ஆள் ஒண்டும் தெரியாத மாதிரி இருந்து சோறு திண்டவர். கொழுப்பு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். “வருசா வருசம் உன்னட்டைக் கேட்டவர் என்ன?”

“ஓம்.”

“நீ ஏன் சொல்லேல்லை?”

“முதல் பயமா இருந்தது அம்மா. பிறகு வெக்கமா இருந்தது.”

அம்மா அவளுடைய தலையில் ஒரு குட்டு வைத்தார். நோகவில்லை. பிறகு வீகன்ட் அம்மாவின் கையைப் பிடித்து, “கொம்மன் சீ,” என்று தன் சமையலறை ஜெர்மனில் அழைத்துக்கொண்டு பெட்டியருகே போனார். முதல் பூவை அவருக்கே எடுத்துக் கொடுத்தார். வீகன்ட் அம்மாவுக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக் கால்மாட்டில் வைப்பித்தார். மற்ற எட்டுப் பேரும் பின்னால் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு உருத்திரமூர்த்தியைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு கதை இருந்தது. ஒருவருடைய தொலைந்த கலியாண மோதிரத்தை அவர் உருளைக்கிழங்கு வயலில் கண்டெடுத்துக் கொடுத்தாராம். இன்னொருவருடைய உழவு இயந்திரச் சாவியை இரண்டு தடவை. ஆதிரை எல்லாவற்றையும் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். அன்றைக்கு அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பதினொன்றரைக்குப் பென்ஜமின் வந்து தலையசைத்தான். பெட்டியை மூடினார்கள். அப்போது எல்லாரும் அழுதார்கள். அம்மா மண்டபத்திலேயே நின்றுகொண்டார். வீகன்ட் அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்றார். ஆதிரையும் நித்தியானந்தனும் ஐயரும் பெட்டிக்குப் பின்னால் ஒரு நீண்ட நடை வழியாகப் போனார்கள்.

உள்ளே சூடு தெரியவில்லை. சுத்தமான வெள்ளை அறை, ஒரு உலோகக் கதவு, சுவரில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். ஐயர் சொல்லவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். பென்ஜமின் கையிலிருந்த தாளில் பெயரையும் பிறந்த திகதியையும் வாசித்து, சரிதானா என்று கேட்டான். சரி என்றாள். பொத்தானை அவளே அழுத்தலாம், அல்லது தான் அழுத்தலாம் என்றான். அழுத்துகிறேன் என்றாள்.

“உங்கள் சம்மதம் வேண்டும். அவர் உள்ளே போகலாமா?”

இதை அவன் எல்லாரிடமும் கேட்கிறவன்தான். ஆதிரை பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். நித்தியானந்தன் அவள் முழங்கையைத் தொட்டார். ஜெர்மனில் ஒரு சொல் சொன்னால் போதும். அவளுக்கு அது வரவில்லை.

“ஓம் அப்பா,” என்றாள். “போங்கோ.”

பென்ஜமினுக்கு விளங்கவில்லை. நித்தியானந்தனைப் பார்த்தான்.

“ஜா,” என்று நித்தியானந்தன் மொழிபெயர்த்தார். “ஜா சொல்லுது.”

அவள் பொத்தானை அழுத்தினாள். கதவு சத்தமில்லாமல் மேலே ஏறியது.